குடலுக்குள் ஒரு காவல் படை

காலை 5 மணி. ஓசூர் பஸ் நிலையம்.

பெங்களூர் பஸ் உறுமிக் கொண்டு நிற்கிறது. ஏறுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இரண்டு வகையானவர்கள் ஏறுகிறார்கள்.

ஒரு வகையினர் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள்.

இன்னொரு வகையினர் கையில் பெரிய பிளாஸ்டிக் பை இருக்கும். உள்ளே ஸ்கேன் படங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். கூடவே மனைவியோ, மகனோ வருவார்கள். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அவர்கள் கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பெங்களூரில் 1973ல் தொடங்கிய அரசாங்க ஆஸ்பத்திரி அது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களுக்குச் சென்னை அடையாறு எட்டாத தூரம். கிட்வாய் பக்கம்.

பஸ் ஜூஜுவாடியைத் தாண்டுகிறது. அத்திப்பள்ளியில் கர்நாடகம் வந்து விடுகிறது. அடுத்து சந்தாபுரம். அதற்கு அடுத்து பொம்மசந்திரா.

பொம்மசந்திராவில் பஸ் நிற்கும்போது, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்திருப்பவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெரிய பெரிய கட்டிடங்கள் தெரியும். அவற்றுள் ஒன்றில், மனிதனுடைய ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை எடுக்கிறார்கள். புற்றுநோயை அடையாளம் காண அவற்றுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். மறுபடியும் அதே மனிதனின் உடம்பில் செலுத்துகிறார்கள். கதை அல்ல, உண்மை! இம்யூனீல் என்பது அந்தக் கம்பெனியின் பெயர். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இந்தச் சிகிச்சையை 2025 ஜனவரியில் அது விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய இதே மாதிரிச் சிகிச்சைக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்திருந்தது.

ஆனால் அது ரத்தப் புற்றுநோய்க்கு. நம் பஸ் பயணிக்கு வந்திருப்பது குடலில். அவருக்கு என்ன வழி?

அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

"மூல மாத்திரை குடுங்க!"

முதலில் ஒரு மருந்துக் கடைக்குப் போவோம்.

ஒரு தொழிலாளி வருகிறார். வயது 45 என்று வைத்துக் கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வருகிறார்.

"அண்ணே, மூலத்துக்கு மாத்திரை குடுங்க."

"என்ன செய்யுது?"

"வெளிக்குப் போனா ரத்தம் வருது. ஷிப்ட் வேலை, உடம்புச் சூடுதான். போன மாசமும் வந்துச்சு."

கடைக்காரர் மாத்திரை கொடுக்கிறார். தொழிலாளி போய் விடுகிறார். அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார். இப்படியே எட்டு மாதம், பத்து மாதம் ஓடுகிறது. பிறகு ஒரு நாள் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் விழுகிறார்.

மலத்தில் ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் "பெரும்பாலும்" என்றால் "எப்போதும்" என்று பொருள் அல்ல. மூலத்துக்கும் ரத்தம். குடல் புற்றுநோய்க்கும் ரத்தம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டாக்டர் விரலை விட்டுப் பார்த்தால், அல்லது குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு வெட்கம்! ஆண்கள் வெட்கப்படுகிறார்கள். பெண்கள் அதைவிட அதிகம் வெட்கப்படுகிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் போய் விடும் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டும் சேர்ந்து எத்தனையோ பேரைக் கொன்றிருக்கின்றன.

படித்தவர்கள் வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர். சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தவர். அவருடைய தங்கைக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. முதலில் சீதபேதி என்று நினைத்தார்கள். அது மலக்குடல் புற்றுநோய். தங்கை 1923ல் இறந்து போனார். அக்கா டாக்டர்! இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. சுமார் 30 ஆண்டுகள் விடாமல் அலைந்து, பணம் திரட்டி, 1954ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவத்தின் கதை ஒரு குடல் புற்றுநோயிலிருந்துதான் தொடங்குகிறது.

கேட்டில் நிற்கும் காவலர்

பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளம். அதன் உட்புறச் சுவரில் சில பேருக்குச் சின்ன முளை கிளம்பும். மரு மாதிரி இருக்கும். வலிக்காது. அந்த முளை புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் வரை ஆகும். பத்து ஆண்டு அவகாசம் தருகிற புற்றுநோய் வேறு எத்தனை இருக்கிறது? அந்த முளையை அப்போதே குழாய் விட்டு அறுத்து எறிந்து விட்டால் புற்றுநோயே வராது.

சரி, அந்தப் பத்து ஆண்டும் உடம்பு சும்மாவா இருக்கிறது? இல்லை.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். கடிகாரம் செய்யும் தொழிற்சாலையாக இருக்கட்டும், மோட்டார் சைக்கிள் செய்வதாக இருக்கட்டும், கேட்டில் காவலர் நிற்பார். அடையாள அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார். அட்டையில் படம் மாறியிருந்தால் பிடித்துக் கொள்வார்.

நம் உடம்பிலும் அப்படித்தான். ஒவ்வொரு உயிரணுவும் தன் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சில துணுக்குகளை வெளியே காட்டிக் கொண்டிருக்கும். அதுதான் அதன் அட்டை. வெள்ளை அணுக்களில் ஒரு வகை உண்டு. அதற்கு டி அணு என்று பெயர். அது ஒவ்வோர் அணுவையும் தொட்டுத் தொட்டு அட்டையைப் பார்த்துக் கொண்டே போகும். "இவன் நம் ஆள் அல்ல" என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே கொன்று விடும்.

உடம்பில் இந்தக் காவலர்கள் மிக அதிகமாகக் கூடியிருக்கும் இடங்களில் ஒன்று குடல். ஏன் என்றால், தினமும் வெளியிலிருந்து சரக்கு வருகிற கேட் அதுதான்! சோற்றோடும் தண்ணீரோடும் கிருமிகளும் வருகின்றன.

இவ்வளவு காவல் இருந்தும் புற்று எப்படி வளர்கிறது? காவலர் தூங்குகிறாரா? அல்லது திருடன் அவரை ஏமாற்றுகிறானா?

இந்தக் கேள்விக்குப் பாரீசில் ஒரு பதில் கிடைத்தது. ஜெரோம் காலோன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், அறுத்தெடுத்த குடல் கட்டிகளை மெல்லிய சீவலாக்கி, அவற்றுள் எத்தனை டி அணுக்கள் புகுந்திருக்கின்றன என்று எண்ணினார்கள். 2006ல் முடிவை வெளியிட்டார்கள். கட்டிக்குள் காவலர்கள் நிறையப் புகுந்திருந்தால் நோயாளி நெடுநாள் வாழ்கிறார். குறைவாக இருந்தால் நோய் திரும்பி வருகிறது. எண்ணிப் பார்த்ததுதான். ஆனால் அதற்கு முன் யாரும் அந்த அளவுக்கு எண்ணிப் பார்த்ததில்லை.

பாரீஸ்காரர்களுக்கு மட்டும்தான் இது பொருந்துமா என்று சந்தேகம் வந்தது. 13 நாடுகளில் சோதித்தார்கள். 2,681 நோயாளிகளின் கட்டிகளை எண்ணினார்கள். 2018ல் வந்த முடிவும் அதேதான். அந்தப் 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அகமதாபாத்தில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் அதில் சேர்ந்து உழைத்தார்கள். நமக்குப் பெருமைதான். தமிழ்நாட்டுக் கட்டிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும்.

பிழை திருத்துகிறவர் இல்லாத அச்சகம்

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருப்பார். அச்சில் ஏறும் முன் அவர் படித்து, "பள்ளி" என்பது "பல்லி" ஆகியிருந்தால் மாற்றுவார். அவர் ஒரு நாள் வராவிட்டால் பத்திரிகை என்ன கதி ஆகும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்!

நம் உடம்பிலும் பிழை திருத்துகிறவர்கள் உண்டு. ஓர் அணு இரண்டாகும்போது உள்ளே இருக்கும் மரபு எழுத்து முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. கோடிக் கணக்கான எழுத்துகள். பிரதி எடுப்பதில் பிழை வரும். அதைத் திருத்துவதற்குச் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை நான்கு.

சில குடல் கட்டிகளில் இந்த நால்வரில் ஒருவரோ இருவரோ காணாமல் போய் விடுகிறார்கள். உடனே பிழை மேல் பிழையாகக் குவிகிறது. நூற்றுக் கணக்கில், ஆயிரக் கணக்கில்! குடல் புற்றுநோய் உள்ள 100 பேரை எடுத்தால் சுமார் 15 பேருக்கு இந்த வகைதான். நோய் உடம்பெங்கும் பரவிய நிலையில் பார்த்தால் சுமார் 5 பேர்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. பிழை அதிகமானால், அந்த அணு வெளியே காட்டும் அடையாள அட்டையும் கன்னாபின்னா என்று மாறி விடுகிறது. காவலருக்குப் பிடிப்பது சுலபம். இந்த வகைக் கட்டிக்குள் டி அணுக்கள் கூட்டமாகப் புகுந்து நிற்கின்றன.

நின்றும் ஏன் கொல்லவில்லை? கட்டி ஒரு தந்திரம் செய்கிறது.

டி அணுவுக்கு ஒரு பிரேக் உண்டு. கடவுள் கொடுத்தது என்று சொல்லுங்கள், இயற்கை கொடுத்தது என்று சொல்லுங்கள். அது தேவையானதுதான். பிரேக் இல்லாவிட்டால் காவலர் நம் சொந்த உடம்பையே அடித்து நொறுக்கி விடுவார். அந்தப் பிரேக்கில் ஒன்றை ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் தசுக்கு ஹோஞ்ஜோ என்பவர் 1992ல் கண்டுபிடித்தார். பி.டி.1 என்று பெயர். இன்னொரு பிரேக்கை விடுவித்தால் எலியின் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் அல்லிசன் காட்டினார். இருவருக்கும் சேர்த்து 2018ல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுக் கட்டி தன் கையை நீட்டி இந்தப் பிரேக்கை மிதித்துக் கொள்கிறது. காவலர் எதிரே நிற்கிறார். திருடனைப் பார்க்கிறார். ஆனால் கை ஓங்க முடியவில்லை.

பிரேக்கிலிருந்து அந்தக் கையை எடுத்து விட்டால்?

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். மலக்குடல் புற்றுநோயாளிகள். எல்லோரும் பிழை திருத்துகிறவர் இல்லாத வகை. டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆறு மாதம் ஏற்றினார்கள். 2022 ஜூன் மாதம் 12 பேருடைய முடிவை வெளியிட்டார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்து விட்டது! ஆபரேஷன் இல்லை. ரேடியேஷன் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதை கிள்ளிப் பார்த்தார்கள். கட்டி இல்லை.

பன்னிரண்டு பேர்தானே என்றார்கள் சிலர். 2025ல் அடுத்த கணக்கு வந்தது. சிகிச்சையை முடித்த 49 மலக்குடல் நோயாளிகளில் 49 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது.

மலக்குடல் ஆபரேஷன் என்றால் என்ன என்று பட்டவர்களுக்குத் தெரியும். பல பேருக்கு ஆசனவாயையே எடுத்து விட்டு, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டி விடுவார்கள். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், வயலில் குனிந்து களை எடுக்கிறவர், அந்தப் பையோடு வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத இளைஞனுக்கு வந்தால் அவன் கதி இன்னும் பரிதாபம். அந்த 49 பேருக்கும் அந்தப் பை தேவைப்படவில்லை.

மருந்து விலை சில லட்ச ரூபாய்களில் போகிறது. பக்க விளைவும் உண்டு. பிரேக் போன காவலர் சில சமயம் தைராய்டையும், நுரையீரலையும், குடலையும் தாக்கி விடுவார். புற்றுநோய் டாக்டரின் கண் முன்னால்தான் இதைக் கொடுக்க வேண்டும். "இம்யூனிட்டி பவுடர்" என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மற்ற 85 பேர்

நூற்றில் 15 பேரைச் சொன்னோம். மீதி 85 பேர்?

அவர்களுடைய கட்டிகளில் பிழை குறைவு. அட்டை ஏறக்குறைய அசல் போலவே இருக்கிறது. காவலர் ஏமாந்து போகிறார். பல கட்டிகளுக்குள் காவலரே நுழைவதில்லை. பிரேக்கை விடுவித்தும் அங்கே பெரிய பலன் கிடைக்கவில்லை.

அந்த 85 பேருக்கு என்ன செய்வது? இன்று உலகம் முழுவதும் இளம் விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக் கொண்டிருப்பது இதற்காகத்தான். சிலர் கட்டியைச் சுற்றியுள்ள சதையே சுவர் போல நின்று காவலரைத் தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிலர் கிருமிகளைத் துருவுகிறார்கள். வாயில், பல் ஈறில் வாழும் ஒரு கிருமி குடல் கட்டிக்குள் ஏராளமாகக் குடியிருப்பதை 2012ல் கண்டார்கள். பல் ஈறில் இருக்க வேண்டியதற்குக் குடலில் என்ன வேலை? அந்தக் கிருமி காவலரின் கையைக் கட்டிப் போடுகிறது என்று பிறகு தெரிய வந்தது. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் இப்படித்தான், ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அடுத்த முடிச்சு தெரியும்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்? பெரிய பேராசிரியர்கள் அல்ல. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை கிடைக்காமல், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைக்கும் இளைஞர்கள். 30 வயதைத் தாண்டியவர்கள். இரவு 11 மணிக்கும் அணுக்களுக்குத் தீனி போட்டுக் கொண்டிருப்பார்கள். தொழிற்பேட்டையில் மட்டும்தான் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். விஞ்ஞானத்திலும் இருக்கிறார்!

மத்திய அரசு 2023 ஜனவரி முதல் இவர்களுடைய உதவித் தொகையை உயர்த்தியது. மாதம் 58 ஆயிரம் முதல் 67 ஆயிரம் ரூபாய் வரை என்று நிர்ணயித்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் மாதா மாதம் முதல் தேதியில் கைக்கு வருவதில்லை என்பது ஆராய்ச்சிக்காரர்களின் நெடுநாள் குறை. வாடகை மட்டும் முதல் தேதியில் கேட்கப்படுகிறது. ஓர் இளைஞன் 25 ஆண்டு படித்து, கடைசியில் எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் விட்டால், அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அவன் எண்ணிக் கொண்டிருந்த டி அணுக்களை அப்புறம் யார் எண்ணுவது?

வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக் கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது சரி அல்ல. வெளிநாட்டில் கேட்காத கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். ஓர் உதாரணம். பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளில் ஒன்று நிவோலுமாப். வழக்கமான அளவு இந்திய ஏழைக்குக் கட்டுப்படியாகாது. பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள், "இவ்வளவு மருந்து தேவைதானா?" என்று கேட்டார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். பழைய மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 100க்கு 16 பேர் ஓர் ஆண்டு தாண்டி உயிரோடு இருந்தார்கள். இந்தச் சின்ன அளவையும் சேர்த்துக் கொண்டவர்களில் 100க்கு 43 பேர் இருந்தார்கள். 2022ல் இதை வெளியிட்டார்கள். மருந்துக் கம்பெனிக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்பானா? கேட்க மாட்டான்!

குடல் புற்றுநோய்க்கும் இது போன்ற கேள்விகளை நம் நாட்டில் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

தையல்காரப் பெண் சொன்னது

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குடும்பங்களுக்கு இது மிகவும் தேவை.

1895ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆல்டிரெட் வார்தின் என்ற டாக்டர் இருந்தார். அவருடைய வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒரு நாள் வருத்தமாக இருந்தாள். என்ன என்று கேட்டார். "நான் சீக்கிரம் செத்து விடுவேன். எங்கள் வீட்டில் எல்லோருமே குடலிலோ, வயிற்றிலோ, கர்ப்பப் பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள்" என்றாள் அவள்.

டாக்டர் அதைச் சிரித்துத் தள்ளி விடவில்லை. அவளுடைய குடும்பம் முழுவதையும் விசாரித்து எழுதி வைத்தார். 1913ல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப் பைப் புற்றுநோயால் இறந்தாள். நெடுநாள் கழித்து, 1960களில், ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் இதே போன்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். இன்று அந்தப் பரம்பரைக் கோளாறுக்கே லிஞ்ச் என்று பெயர். காரணம் என்ன? பிழை திருத்துகிற நால்வரில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஊனம்!

குடல் புற்றுநோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்கு இது இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற பேதம் கிடையாது. தெரிந்து கொண்டால் 25 வயது முதலே ஓரிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்த்து, முளையிலேயே அறுத்து விடலாம். தெரியாவிட்டால் அண்ணன், தம்பி, அத்தை என்று வரிசையாகப் போவார்கள். "அந்த வீட்டுக்குச் செய்வினை" என்று ஊர் பேசும். பெண் கொடுக்க மாட்டார்கள். நம் கிராமங்களில் அப்படிப் பெயர் வாங்கிய வீடு எத்தனை இருக்கிறதோ!

நான்கு பெயர்கள்

இந்தியாவில் ஓர் ஆண்டில் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வருகிறது என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம்மிடம் குறைவு. ஆனால் நம்மிடம் 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நிறைய வருகிறது. குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற வயது அது. கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்ட ஊர் இது. இப்போது இரவு ஷிப்ட் முடிந்தால் புரோட்டாவும், பிறகு சாராயக் கடையும். நோய் ஏறுவதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறோம்.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். 2024ல் தொழிற்சாலைகளையும் தேடிப் போகத் தொடங்கினார்கள். வாய், மார்பு, கர்ப்பப் பை வாய்ப் புற்றுநோய்களுக்கு அரசுப் பரிசோதனையும் வந்தது. குடல் அந்தப் பட்டியலில் இல்லை.

எல்லோருக்கும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. அது நடக்காத காரியம். தொழிற்சாலைக்கு வரும் நர்சம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். "மலத்தில் ரத்தம் வருகிறதா?" ஆணிடம் ஆண் ஊழியர் தனியாகக் கேட்கட்டும். பெண்ணிடம் பெண் ஊழியர் கேட்கட்டும். தமிழில் மட்டும் அல்ல. தெலுங்கிலும், கன்னடத்திலும், உருதுவிலும், வடக்கே இருந்து வந்தவர்களிடம் இந்தியிலும் கேட்கட்டும். "ஆமாம்" என்றால் அவரைக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். 2022ல் திறந்த கல்லூரி அது. அன்றைய கூலியைத் தொழிற்சாலை பிடிக்காமல் இருக்கட்டும். ஒரு நாள் கூலிக்குத் தொழிற்சாலை முழுகிப் போகாது.

அரசாங்கம் இன்னொன்றும் செய்ய வேண்டும். அறுத்தெடுக்கிற, அல்லது கிள்ளியெடுக்கிற ஒவ்வொரு குடல் கட்டியிலும் பிழை திருத்தும் புரதங்கள் நான்கும் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். செலவு சில ஆயிரம் ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஓசூர்க்காரர் எல்லை தாண்டிப் பெங்களூரில் சிகிச்சை பெற்றாலும் இந்தச் சோதனைக்குத் தடை இருக்கக் கூடாது. நோய்க்கு ஜூஜுவாடியும் தெரியாது, அத்திப்பள்ளியும் தெரியாது.

அரசாங்கம் செய்யும் வரை நீங்கள் கேளுங்கள். டாக்டரிடம் பணிவாகக் கேட்டால் கோபித்துக் கொள்ள மாட்டார். நான்கு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். எம்.எல்.எச். 1, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6, பி.எம்.எஸ். 2. இந்த நான்கும் கட்டியில் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

ஏற்கனவே ஆபரேஷன் முடிந்து விட்டதா? அப்போதும் கேட்கலாம். அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து, ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பார்கள். தீப்பெட்டியை விடச் சிறியதாக இருக்கும் அந்த மெழுகுக் கட்டி. ஐஸ் பெட்டி தேவையில்லை. நோயாளியோ, அவர் இறந்திருந்தால் பிள்ளைகளோ, எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். சட்டைப் பையில் வைத்துக் கொண்டு காலை 5 மணிப் பஸ்ஸில் ஏறி விடலாம்.